அஞ்சல் குதிரையின் பின்கால்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று மேல்தாடை, இரண்டு கீழ்த்தாடை. மூன்றாவது மேல்தாடைக்குச் சொந்தக்காரர் தன் இளவயதுப் படம் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். பல் செட்டில் முன்பற்கள் அந்தப் படத்தில் இருப்பது போலவே வேண்டுமாம். படத்தில் மனிதர் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், உதடுதான் பெரிதானது. கடைசியில் அந்த முகத்துக்கு எது பொருந்தும் என்று நானாக ஒரு சிரிப்பை யோசித்து, பற்களை மெழுகில் அடுக்கி வைத்தேன்.

வேலை முடிந்து பேருந்துக்கு நிற்கும்போது எதிர்ச் சுவரில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிதான் ஒட்டியிருந்தது. ஒரு குதிரைத் தலை, கழுத்தில் தபால் பை. பேருந்து வந்தது, ஏறவில்லை. மீதிப் பாதியையும் ஒட்டி, பசை வாளியைத் தூக்கிக்கொண்டு அந்த ஆள் நகரும்வரை நின்றேன்.

'மலையேறும் கடிதங்கள்'. இசை நாடகம். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் மேடையில். நகர நாடக அரங்கு, இருபத்திரண்டாம் தேதி முதல் ஒரு மாதம்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழி முழுக்க பாட்டு. ஒன்றுகூட மறக்கவில்லை! கடைசிப் பாட்டில் தாளம் மாறுகிற இடம் வந்ததும் என்னையறியாமல் வலது காலைப் பின்னுக்கு உதறிவிட்டேன். பின்னால் வந்தவர் துள்ளி ஒதுங்கி, "பாத்துப் போங்கம்மா" என்றார்.

மார்ச் 6, வியாழன்

நான் சொல்வதற்குள் இவருக்குச் செய்தி எட்டிவிட்டது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எல்லாரிடமும், கியர் மாற்றச் சொல்லிக் கொடுக்கிற நேரத்தில், "என் வீட்டுக்காரி நடிச்ச நாடகம்ங்க. கதாநாயகிக்குத் தோழியா வருவா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தன் அக்காவுக்கும் போன் போட்டாயிற்று. அண்ணி சும்மா இருப்பாரா? மகன், மருமகள், சம்பந்தி, கீழ்வீட்டுக்காரர்கள் என்று பதினோரு பேர் வருகிறார்களாம்.

காலையில் குளியலறையிலிருந்து இவர் குரலில் தோழி பாட்டு. "இந்தத் தடவையாவது நீ பாடிக் காட்டேன்."

"தொண்டை சரியில்லீங்க."

இருபத்தெட்டு வருடமாக எனக்குத் தொண்டை சரியில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இதை இந்த நோட்டில்கூட நான் எழுதியதில்லை. யாராவது எடுத்துப் படித்துவிட்டால்? படிக்கட்டும்.

நான் தோழியாக நடிக்கவில்லை. குதிரையாக நடித்தேன். முழுக் குதிரைகூட இல்லை, அதன் பின்பாதி.

அப்போது எனக்கு இருபத்தொன்று. கூட்டமாகப் பாடுகிறவர்களுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். இரண்டாவது வரியிலேயே இசையமைப்பாளர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அழாத குறையாக வெளியே வந்தால், படிக்கட்டில் இன்னொரு பெண் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். "உன்னை எந்த வரியில நிறுத்தினாரு? என்னை முதல் வரியிலயே" என்றாள். இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே உயரம். உள்ளேயிருந்து ஒருவர் ஓடிவந்து எங்களை ஏற இறங்கப் பார்த்து, "குதிரைக்கு வர்றீங்களா?" என்று கேட்டார்.

அவள் அரை அங்குலம் உயரம் அதிகம். அதனால் அவள் முன்கால், நான் பின்கால். அன்றிலிருந்து எங்களுக்கு அதுதான் பெயர். ஏழு மாதம், அறுபத்தோரு காட்சி. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி, பசையும் வியர்வையும் மணக்கிற துணிக்குள் இருட்டில். தெரிந்ததெல்லாம் மேடைப் பலகை, அவள் குதிகால், எப்போதாவது கதாநாயகியின் பச்சைச் செருப்பு. குதிரை சும்மா நிற்கிற காட்சிகளில் உள்ளே கிசுகிசுவென்று பேசிக்கொண்டே இருப்போம். அவள் வீட்டுச் சண்டை, என் அப்பாவின் கோபம், யாருக்கு யாரைப் பிடிக்கும்... சொல்லாதது எதுவும் கிடையாது. அத்தனை சந்தோஷமாக நான் வேறெங்கும் இருந்ததில்லை என்பதுதான் உண்மை.

பிறகு ஏன் மறைத்தேன்?

இருபத்தாறு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனேன். சொல்லிக் கொடுக்க வந்தவர் இவர். முதல் நாளே பிடித்துப்போயிற்று, அந்தப் பொறுமை. வானொலியில் அந்தக் கடைசிப் பாட்டு வந்தது. வாய் சும்மா இருக்காமல், "இந்த நாடகத்துல நான் நடிச்சிருக்கேன்" என்றேன். "அப்படியா! என்ன வேஷம்?" என்று கேட்ட அதே நொடியில் எதிரே லாரி. ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டே "தோழி" என்று சொல்லிவிட்டேன். பிடித்த ஆணிடம் 'குதிரையின் பின்பக்கம்' என்று எந்தப் பெண் சொல்வாள்? அப்புறம் அவர் கணவராகிவிட்டார். எப்போது திருத்துவது? கல்யாணத்தன்றா? பிரசவ அறையிலா?

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அறுபத்தோரு தடவை நடித்தும், அந்த நாடகத்தை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

மார்ச் 12, புதன்

சாப்பிடும்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உப்பு கேட்டேன்.

மார்ச் 15, சனி

மதியம், கையெல்லாம் பல் அச்சு வார்க்கிற சுண்ணமாவு, போன் அடிக்கிறது. புது எண்.

"என்னடி பின்கால், உயிரோட இருக்கியா?"

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வருடம்! சண்டை ஒன்றும் இல்லை. அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல், நாங்கள் வீடு மாறினோம், எண்கள் மாறின, பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவ்வளவுதான். கோர்ட்டில் தட்டச்சராக இருந்து, போன மாதம்தான் ஓய்வு வாங்கி இந்த ஊருக்கே திரும்பி வந்திருக்கிறாள்.

"என் நம்பர் எப்படிக் கெடச்சுது?"

"நீ பல் செட் செய்யப் போனேன்னு மட்டும் தெரியும். நாலு பல் டாக்டர்கிட்ட போய் விசாரிச்சேன். மூணாவது ஆளு என் வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்துட்டு ஒரு பல்லைப் புடுங்கிட்டாருடி."

விஷயம் இதுதான். நாடகத்தின் புது இயக்குநர் பழைய குழுவில் இருந்தவர்களைத் தேடிப் பிடிக்கிறாராம். கடைசி நாள் பகல் காட்சியில், கடைசிப் பாட்டுக்கு மட்டும் எல்லாரும் மேடையேற வேண்டும்.

"நம்ம ரெண்டு பேரும் வர்றோம்னு சொல்லிட்டேன்."

"மேடைல போய் என்ன பண்றது? நிக்கிறதா?"

"குதிரைக்குள்ளடி!"

"உன் முட்டி எப்படி இருக்கு?"

"ரெண்டும் தேஞ்சாச்சு. உனக்கு?"

"ஒண்ணு."

"அப்போ நம்ம குதிரைக்கு ஒரு கால் நல்லா இருக்கு. போதும், வா."

போனை வைத்த பிறகு சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. பக்கத்து மேஜைக்காரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சந்தைக்குப் போகிற வழியில், சிவப்பு விளக்கில் நிற்கும்போது. இவர்தான் ஓட்டினார். "என்னங்க, நான் தோழி இல்ல. குதிரை. பின்னாடி ரெண்டு காலு." ஒரே மூச்சில்.

முதலில் சிரித்தார், வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். விளக்கு பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மற்றவர்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவர், விளக்கு மாறியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஓரமாக நிறுத்திய பிறகு சொன்னார். "எங்கக்கா வீட்ல, முடிவெட்டற கடைல, கத்துக்க வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும்... இருபத்தெட்டு வருஷமா நான் பொய் சொல்லிட்டு இருந்திருக்கேன். எனக்கே தெரியாம."

"சிரிப்பீங்கன்னு நெனச்சேன்."

"சிரிச்சிருப்பேன். சிரிச்சுட்டுக் கட்டிக்கிட்டிருப்பேன்."

சந்தைக்குப் போனோம், பையை நிரப்பினோம், திரும்பினோம்.

நான் ஏன் இப்படிப் பண்ணேன்? என்ன பெரிய அவமானம் வந்துடுச்சுன்னு மறைச்சேன்? யாரைக் கொன்னேன்? குதிரைதானே!

மார்ச் 17, திங்கள்

இன்று இவர் என்னிடம் பேசியவை: "சாவி." "கதவு." "வர்றேன்."

குளியலறையில் பாட்டு இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் காபியை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"உள்ள இருட்டா?" என்றார்.

எதைக் கேட்கிறார் என்று புரிய எனக்கு நேரமாயிற்று.

"கும்மிருட்டுங்க. கீழ பலகை மட்டும் தெரியும்."

"அப்போ முன்னால இருக்கறவ எந்தப் பக்கம் திரும்பறான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அவ இடுப்புல கை இருக்கும்ல. வலது பக்கம் திரும்பறதுக்கு முன்னாடி வலது இடுப்பு லேசா எறங்கும்."

"இண்டிகேட்டர்!" என்றார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "ரிவர்ஸ்?"

"குதிகாலால ரெண்டு தட்டு தட்டுவா."

"சடன் பிரேக்?"

"அதுக்கு ஒண்ணும் கெடையாது. நேரா முட்டிக்குவேன்."

கொஞ்ச நேரம் யோசித்தார். தொழில் விஷயம் என்றால் இவருக்கு இப்படித்தான், கோபம்கூட ஓரமாக ஒதுங்கி வழிவிடும். எழுந்து நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளினார். "காட்டு."

இவர் முன்கால், நான் பின்கால். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் ரிவர்ஸ். குளிர்சாதனப் பெட்டியில் போய் இடித்தேன். "கத்துக்க வந்து ரெண்டே நாள் ஆனவங்ககூட இதைவிட நல்லா எடுப்பாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, இவருக்கும்தான். அப்படியே, நான் குனிந்து இவர் இடுப்பைப் பிடித்திருக்கிற கோலத்தில், இரவுப் பணி முடிந்து மகள் உள்ளே வந்தாள். பையை இறக்கக்கூட இல்லை.

"என்ன நடக்குது இங்க?"

"உங்கம்மா குதிரைம்மா" என்றார் இவர், என்னவோ பதவி உயர்வைச் சொல்வது போல.

மார்ச் 20, வியாழன்

மகள் இயன்முறை மருத்துவம் செய்கிறவள். கணக்குப் போட்டாள்: ஐம்பத்து நான்கு வயது, தேய்ந்த முட்டி, மூன்று நிமிடம் குனிந்தபடி ஆட்டம். "என்கிட்ட வர்ற நோயாளிங்களை எல்லாம் யாரு உருவாக்கறாங்கன்னு இப்பத்தான் தெரியுது" என்றாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. தினமும் காலை பதினைந்து நிமிடம் பயிற்சி, அவள் எதிரில். ரொம்பக் கண்டிப்பு. யாரைப் போலப் பிறந்தாளோ.

மார்ச் 21, வெள்ளி

அண்ணிக்கு நானே போன் செய்தேன். இவர் பக்கத்தில் நின்று, ஏதும் உதவ மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டார்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அண்ணி பேசாமல் இருந்து நான் கேட்டதில்லை.

"குதிரையா?"

"ஆமாங்க அண்ணி."

"குதிரைல எந்தப் பக்கம்?"

"...பின்பக்கம்."

"பதினோரு பேர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேனே" என்றார். அப்புறம், "அப்போ உன்னை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கறது?"

"வால் பக்கம் பாருங்க அண்ணி."

போனை வைத்துவிட்டார். கோபமா, சிரிப்பா? தெரியவில்லை.

மார்ச் 29, சனி

இன்று பார்த்தேன். முதல் தடவையாக!

நானும் இவரும் மட்டும் போனோம். எங்கே ஆரம்பிப்பது? மலையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த மலை எனக்கு வெறும் சாய வாசனைதான். இன்று திரை விலகியதும் நீல நீலமாக அடுக்கடுக்காய் மலைகள், உச்சியில் சின்னச் சின்ன வீடுகள், ஒவ்வொரு ஜன்னலிலும் விளக்கு. இதற்கு முன்னாலா நான் ஏழு மாதம் நின்றேன்? தலையை நிமிர்த்தவே இல்லையே!

அப்புறம் குதிரை வந்தது. இப்போது இரண்டு பையன்கள் ஆடுகிறார்கள். பழைய ஒளிப்பதிவைப் பார்த்து அசைவுக்கு அசைவு அப்படியே கற்றிருக்கிறார்கள். முதல் பாதியில் தபால்காரன் ஒரு கடிதத்தை வேறொரு வீட்டில் தப்பாகப் படித்துவிடுகிற காட்சி. அந்த இடத்தில் அன்றைக்கெல்லாம் அரங்கமே சிரிக்கும். அறுபத்தோரு தடவையும் சிரித்தார்கள். உள்ளே இருந்த எனக்குக் காரணம் தெரியாது. முன்காலைக் கேட்டால், "எனக்கு மட்டும் என்னடி தெரியும்" என்பாள். தபால்காரன் ஏதோ சேட்டை செய்கிறான் போல என்று விட்டுவிட்டேன்.

சேட்டை செய்தது தபால்காரன் இல்லை. அவன் படிக்கப் படிக்க, குதிரை மெல்லக் கழுத்தைத் திருப்பித் தன் பின்கால்களையே பார்க்கிறது. ஏற இறங்கப் பார்க்கிறது. 'நீ என்கூடத்தான் இருக்கியா?' என்று கேட்கிற மாதிரி. பின்கால்களுக்கு ஒன்றும் தெரியாது. பாவம், அவை தேமே என்று நிற்கின்றன. அரங்கம் வெடித்துச் சிரித்தது.

அடிப்பாவி!

நானும் சிரித்தேன், கண்ணீர் வழிய. இவர் கைக்குட்டையைக் கொடுத்தார்.

தோழி பாட்டு வந்தபோது என் காதோடு சொன்னார்: "நல்லவேளை, இது நீ இல்ல."

"ஏன்?"

"இந்தப் பொண்ணு ரெண்டே நிமிஷம்தான் வருது. குதிரை நாடகம் முழுக்க வருது."

இரண்டாம் பாதியில் போய்ச் சேராத கடிதங்களெல்லாம் மேலேயிருந்து பனி மாதிரி இறங்குகிற காட்சி. முதுகுத் துணியில் அவை விழுகிற பட் பட் சத்தம்தான் எனக்குத் தெரியும். இவ்வளவு மெதுவாக, இவ்வளவு அழகாக விழும் என்று யாரும் சொல்லவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

ஒத்திகை. முன்காலைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை, ஒரு விநாடி. முடி முழுக்க வெள்ளை, உடம்பு இரண்டு மடங்கு. சிரித்தாள் பாருங்கள், அதே பெண்! இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டதில் ஒத்திகை பத்து நிமிடம் தள்ளிப்போயிற்று.

"அந்தக் கழுத்துத் திருப்பறது..." என்று ஆரம்பித்தேன்.

"பாத்துட்டியா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "முதல் நாளே சும்மா பண்ணேன்டி. சிரிச்சாங்க. அப்புறம் விட மனசு வரல. உன்கிட்ட சொன்னா உள்ள நீயும் சிரிச்சுக் குதிரை குலுங்கிடும்னு மறைச்சேன்."

இருபத்தெட்டு வருடப் பொய்க்காக நான் பட்ட பாடு என்ன, இவள் முப்பத்து மூன்று வருடம் ஜாலியாக மறைத்து வைத்தது என்ன!

துணிக்குள் புகுந்தோம். புதுத் துணி, லேசானது, காற்றுகூட வருகிறது. இடுப்பைப் பிடித்தேன். பியானோக்காரர் ஏதோ தேடிக்கொண்டிருந்ததால் சும்மா நின்றோம். அப்போது முன்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள்.

"அவர் போய் ரெண்டு வருஷம் ஆச்சுடி."

கைகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாரும் வந்து விசாரிச்சாங்க. நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லிச் சொல்லியே அனுப்பிட்டேன். உள்ள வந்ததும் உன்கிட்ட சொல்லணும்போல இருந்துச்சு."

"சொல்லு."

சொன்னாள். வெளியே யாரோ ஒன்று, இரண்டு, மூன்று என்று தாளம் எண்ண ஆரம்பிக்கும்வரை சொன்னாள். குதிகாலால் இரண்டு தட்டு தட்டினாள். பின்னுக்கு நகர்ந்தோம், தப்பில்லாமல்.

ஏப்ரல் 15, செவ்வாய்

முட்டி வீக்கம். மகள் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு ஒரு சொற்பொழிவு ஆற்றினாள். முடிவில், "ஞாயித்துக்கெழமை நானும் மேடைக்குப் பக்கத்துலயே நிக்கறேன்" என்றாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பகல் காட்சி இரண்டரை மணிக்கு. கடைசிப் பாட்டுக்கு முன் பக்கத் திரைக்குப் பின்னால் பையன்கள் குதிரையைக் கழற்றி எங்களுக்கு மாட்டினார்கள். பழைய தபால்காரருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது; கைத்தடியோடு வந்தார். பழைய கதாநாயகிக்கு என் பெயர் நினைவில்லை, ஆனால் கீழே குனிந்து என் கால்களைப் பார்த்து, "நீங்கதானே அந்தப் பின்னால!" என்றார்.

பாட்டு தொடங்கியது. மறுபடி இருட்டு, பலகை, குதிகால். வலது இடுப்பு இறங்கியது, திரும்பினேன். தாளம் மாறியது, உதறினேன். என் முட்டி 'டக்' என்று ஒரு சத்தம் போட்டது. முன்காலுக்கு அது கேட்டுவிட்டது. அவள் உள்ளுக்குள் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. குதிரை தலையிலிருந்து வால்வரை குலுங்கு குலுங்கென்று குலுங்கியது. ஜனங்கள் கைதட்டினார்கள், அதுவும் நாட்டியம் என்று நினைத்து.

அந்தக் காலத்தில் பாட்டு முடிந்ததும் குதிரையாகவே வணங்கிவிட்டு, குதிரையாகவே உள்ளே போய்விடுவோம். இன்று இயக்குநர் வந்து துணியைத் தூக்கிவிட்டார்.

வெளிச்சம். கண் கூசியது. மெல்ல நிமிர்ந்தேன். எதிரே மாடிவரை முகங்கள். மேடையிலிருந்து ஜனங்களை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. அத்தனை பேரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் தொழிலில் நான் அடுக்க நினைக்கிற சிரிப்பெல்லாம் அங்கே வரிசை வரிசையாக இருந்தது. முன்கால் என் கையைப் பிடித்து உயர்த்தினாள்.

ஐந்தாவது வரிசையில் அண்ணி எழுந்து நின்றார். பதினோரு பேரையும் எழுப்பினார். அரங்கமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்: "அந்தப் பின்பக்கம் எங்க வீட்டுப் பொண்ணு!"

இவர் உட்கார்ந்தே இருந்தார், முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு. தோள் குலுங்கியது. சிரித்தாரா என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். கண் சிவந்திருந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. விடுப்பு. என்ன சுகமான வலி!

ஜூன் 8, ஞாயிறு

முன்காலின் வீட்டு வாசலில் அவள் கணவருடைய கார் இரண்டு வருடமாக உறை போட்டு நின்றுகொண்டிருந்தது. அவர் இருந்தவரை அவள் ஓட்டியதே இல்லை. "விக்கவும் மனசு வரல, ஓட்டவும் தெரியல" என்று ஒருநாள் இவரிடம் சொன்னாள். அவ்வளவுதான், மறுநாள் காலையே பாடம் ஆரம்பமாகிவிட்டது. வியாழக்கிழமை உரிமம் கையில் வந்தது, முதல் முயற்சியிலேயே. (எனக்கு மூன்றாவது முயற்சியில் கிடைத்தது என்பதை இவர் அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதில்லை.)

இன்று காலை உறையை எடுத்து, கண்ணாடியைத் துடைத்து, எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். இவர் பக்கத்து இருக்கையில். நான் பின்னால், காய்கறிப் பையோடு. முதல் சந்திப்பில் வண்டி நின்றுபோனது. பின்னால் ஒரே ஹாரன். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கையைக்கூட நீட்டவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி வேடிக்கை பார்த்தார். அவளே மூச்சை இழுத்துவிட்டு, சாவியைத் திருப்பி, கிளப்பினாள்.

சந்தை தாண்டிப் போய்விட்டது. யாரும் சொல்லவில்லை. பாலம் ஏறினோம். கண்ணாடியை இறக்கிவிட்டாள், காற்று உள்ளே கொட்டியது. "எங்கங்க போறோம்?" என்று கேட்டேன்.

"ஓட்டறவங்களைக் கேளு" என்றார் இவர்.

அவள் பாடிக்கொண்டிருந்தாள், முதல் வரியிலிருந்தே ஸ்வரம் தப்பி. மதியச் சாப்பாட்டுக்குத்தான் வீடு திரும்பினோம்.